மொட்டைக் கடிதமும் கையெழுத்திட்ட புகாரும்

வாசகர் கேள்வி – பதில்

ஊழலைப் பற்றியும், ஊழலைப் பற்றிப் பரவும் பொய்களைப் பற்றியும் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரு பங்கு, கைப்பேசியில் சுற்றும் செய்தியை அப்படியே எடுத்தெழுதி "இது உண்மையா?" என்று முடிகிறது. மறு பங்கு, ஏதோ ஓர் அலுவலகத்தில் தங்களிடம் கேட்கப்பட்ட தொகையைச் சொல்லிப் புலம்புகிறது. முன்னதில் தொகை எப்போதும் ஆயிரம் கோடிகளில் இருக்கிறது. பின்னதில் சில ஆயிரங்களைத் தாண்டுவதில்லை. முதல் வகைக் கடிதம் எழுதியவர்களில் எவரும் எதையும் நேரில் பார்த்தவர் இல்லை. இரண்டாம் வகைக் கடிதம் எழுதியவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள். ஆனால் ஒருவர்கூடப் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை. இடமிருந்த அளவுக்குச் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் குடும்பக் குழுவில் தேர்தல் வந்தாலே "1,76,000 கோடி ரூபாய் கொள்ளை" என்று என் தம்பி செய்தி போடுவார். "நீதிமன்றமே ஊழல் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டது" என்று என் மருமகன் பதில் போடுவார். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: இருவரும் ஆளுக்கோர் ஆவணத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள், இருவருமே அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் பேசுவது 2ஜி அலைக்கற்றை வழக்கைப் பற்றி. 2008-இல் இரண்டாம் தலைமுறை (2ஜி) அலைக்கற்றையோடு 122 தொலைத்தொடர்பு உரிமங்கள் வழங்கப்பட்டன. நாடு முழுமைக்குமான உரிமத்துக்கு அப்போது வாங்கிய விலை 1,658 கோடி ரூபாய். அது 2001-ஆம் ஆண்டின் விலை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2007 அக்டோபர் 1 என்று முதலில் அறிவித்துவிட்டு, செப்டம்பர் 25 வரை வந்தவற்றை மட்டுமே எடுத்துக்கொள்வோம் என்று பின்னர் தேதியைப் பின்னுக்கு இழுத்தார்கள். 2008 ஜனவரி 10 அன்று பிற்பகலில் ஓர் அறிவிப்பை வெளியிட்டு, அதே நாள் மூன்றரை மணிக்கு தொலைத்தொடர்புத் துறை அலுவலகமான டெல்லி சஞ்சார் பவனுக்கு வந்து ஒப்புதல் கடிதங்களைப் பெற்றுக்கொள்ளும்படி சொன்னார்கள். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் கட்ட வேண்டிய பெருந்தொகைக்கான வரைவோலைகளைச் சில நிறுவனங்கள் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தன என்பதைத் தணிக்கை அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

அந்தத் தணிக்கை அறிக்கை 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் இருப்பது ஒரு தொகை அல்ல. வெவ்வேறு அடிப்படைகளில் கணக்கிட்டு, 57,666 கோடியில் தொடங்கி 1,76,645 கோடி வரை நான்கு மதிப்பீடுகளைத் தலைமைத் தணிக்கையாளர் தந்திருந்தார். கடைசித் தொகை, 2010-இல் நடந்த மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தின் விலையை 2008-க்குப் பொருத்திப் பார்த்ததால் வந்தது. நான்கில் பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டு தலைப்புச் செய்திகள் ஓடின. "அனுமான இழப்பு" என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று.

ஒரு கோயிலுக்குச் சொந்தமான கடையை ஏலம் விடாமல், ஏழு வருடத்துக்கு முந்தைய வாடகைக்கே ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் விட்டிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த வித்தியாசத்தைக் கோயிலுக்கு இழப்பு என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த வித்தியாசம் முழுவதையும் செயல் அலுவலர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார் என்று சொன்னால் அது வேறு குற்றச்சாட்டு. அதற்கு வேறு சாட்சியம் வேண்டும். அலைக்கற்றை வழக்கில் மத்தியப் புலனாய்வுத் துறை தன் குற்றப்பத்திரிகையில் குறிப்பிட்ட இழப்பு ஏறத்தாழ 30,984 கோடி. கைமாறியதாகக் குற்றஞ்சாட்டிய தொகையோ, கலைஞர் தொலைக்காட்சிக்குச் சென்ற 200 கோடி. இழப்புக்கும் லஞ்சத்துக்கும் உள்ள தூரம் அந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. இதற்கு நேரெதிராக, 2011 ஜனவரியில் அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் கபில் சிபல் இழப்பு பூஜ்யம் என்றார். கொள்ளை என்ற மிகைக்கு இழப்பே இல்லை என்ற மிகை விடையாகக் கிடைத்தது.

2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்து, ஒதுக்கீடு தன்னிச்சையானது, அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. குற்றவியல் வழக்கை விசாரித்த தனி நீதிமன்றத்தின் நீதிபதி ஓ.பி. சைனி, 2017 டிசம்பர் 21 அன்று ஆ. இராசா, கனிமொழி உள்ளிட்ட அனைவரையும் விடுவித்தார். ஏழு ஆண்டுகளாக வேலை நாள்தோறும் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை, சட்டம் ஏற்கத்தக்க ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை என்ற பொருள்பட அவர் எழுதினார். வதந்தியாலும் ஊகத்தாலும் உருவான பொதுக்கருத்தைக் கொண்டே எல்லோரும் பேசினார்கள் என்றும் குறிப்பிட்டார். அந்த விடுதலையை எதிர்த்த மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்பதாக 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அறிவித்தது.

ஆகவே தங்கள் தம்பி சொல்லும் "கொள்ளை" எந்த ஆவணத்திலும் இல்லை. தங்கள் மருமகன் சொல்லும் விடுதலை உண்மை; ஆனால் ஒதுக்கீடு முறைகேடானது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அது அழித்துவிடவில்லை. எனக்கு இதில் ஆற்றாமை தருவது ஒன்றுதான். 1,76,645 என்ற எண்ணின் இரைச்சலில், தேதியை ஏன் பின்னுக்கு இழுத்தார்கள், வரைவோலை எடுக்கச் சொல்லிச் சிலருக்கு மட்டும் முன்பே எப்படித் தெரிந்தது என்ற சின்னக் கேள்விகள் தெருவில் எவர் வாயிலும் வரவில்லை.

கேள்வி: செய்தியை நம்ப வேண்டாம், தீர்ப்பைப் படியுங்கள் என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். தீர்ப்பில் தவறு இருந்தால்?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: இருந்திருக்கிறது; ஆனால் அதைக் கண்டுபிடித்ததும் தீர்ப்பைப் படித்தவர்கள்தாம். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர் தனி நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து அவரை விடுவித்தது. வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து 8.12 விழுக்காடு மட்டுமே, அது பொறுத்துக்கொள்ளத்தக்க அளவுக்குள் இருக்கிறது என்பது அத்தீர்ப்பின் காரணம். அந்த விழுக்காட்டுக்கு அடிப்படையாக இருந்த ஓர் அட்டவணையில் பத்துக் கடன் தொகைகள் வரிசையாக அச்சிடப்பட்டு, கூட்டுத்தொகை 24,17,31,274 ரூபாய் என்று போடப்பட்டிருந்தது. அதே பத்து எண்களைக் கூட்டினால் வருவது 10,67,31,274. பதின்மூன்றரைக் கோடி ரூபாய் வித்தியாசத்தை அன்றைக்கே கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்த்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். திருத்திக் கணக்கிட்டால் 8 விழுக்காடு 76 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 14 அன்று தனி நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்றே மறைந்துவிட்டதால் உடன் குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற மூவருமே சிறை செல்ல நேர்ந்தது. அந்த இடைப்பட்ட நாள்களில் பட்டாசு வெடித்தவர்களும் சரி, சாபமிட்டவர்களும் சரி, அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்களா என்பது சந்தேகம்.

கேள்வி: அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்து ஒரு வருடமாகிறது. உட்பிரிவு செய்து பட்டா மாற்ற நில அளவர் 8,000 ரூபாய் "பார்த்துச் செய்யுங்கள்" என்கிறார். லஞ்ச ஒழிப்புப் போலீசுக்குப் போகலாம் என்றால், "புதுச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவனுக்கும் ஏழு வருடம் ஜெயில்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
– தென் மாவட்டத்து விவசாயி

பதில்: இந்த இதழில் இடம் முழுவதையும் தங்களுக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. தங்களுக்கு வந்த செய்தி முழுப் பொய்யாக இருந்தால் யாராவது மறுத்திருப்பார்கள். அது அரை உண்மை. அதனால்தான் இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது.

1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018 ஜூலையில் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகு எட்டாவது பிரிவின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். தண்டனை ஏழு ஆண்டு வரை போகலாம். செய்தி இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. சட்டம் நிற்கவில்லை. வற்புறுத்தலுக்கு உள்ளாகிக் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அப்பிரிவு அவரைத் தீண்டாது. முன்கூட்டியே புலனாய்வு அமைப்புக்குத் தெரிவித்துவிட்டு, அவர்களுக்கு உதவும்பொருட்டுப் பணம் கொடுப்பவருக்கும் அது பொருந்தாது. தாங்கள் இன்னும் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை என்பதால், தங்களைப் பிடிக்க அந்தப் பிரிவில் ஒன்றுமே இல்லை. கேட்டவருக்கோ, ஏழாவது பிரிவின்படி வாங்க முயன்றதே குற்றம். தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை. இந்த விதிவிலக்குகளை வெட்டிவிட்டு மீதியை மட்டும் பரப்பினால் யாருக்கு லாபம் என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இப்புகார்களைப் பெறுவது 1964-இல் தொடங்கப்பட்ட ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். மாவட்டங்களில் அதன் பிரிவு அலுவலகங்கள் உண்டு. செய்தித்தாளில் "ரசாயனம் தடவிய நோட்டு" என்று ஒரே வரியில் வருவதன் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும் என்பதால், அதைச் சற்று விவரமாகச் சொல்கிறேன்.

எழுத்து மூலம் புகார் பெற்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வார்கள். வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக அழைத்து வருவார்கள். தாங்கள் கொண்டுவரும் நோட்டுகளின் எண்கள் ஒவ்வொன்றாக எழுதப்படும். பிறகு அந்நோட்டுகளில் ஃபீனால்ப்தலீன் என்ற வெள்ளைப் பொடியை மெல்லத் தடவுவார்கள். தடவியதே கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக் குவளையில் நிறமற்ற சோடியம் கார்பனேட் கரைசலை ஊற்றி, பொடி பட்ட விரலை அதில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். சாட்சிகள் முன்னிலையில் இதைச் செய்துகாட்டி, அதற்கும் மகஜர் (நடந்ததைச் சாட்சிகளின் கையெழுத்தோடு பதிவு செய்யும் குறிப்பு) எழுதிய பிறகே புறப்படுவார்கள். அலுவலகத்தில் சாட்சிகளில் ஒருவர் தங்களோடு வருவார். அங்கே தாங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: அவராகக் கேட்காமல் பணத்தை நீட்டக் கூடாது. மேசையில் வைத்துவிட்டு வந்தால் வழக்கு நிற்காது. கேட்டார், வாங்கினார் என்ற இரண்டும் நிரூபிக்கப்பட்டாக வேண்டும். அவர் வாங்கியதும் ஏற்கெனவே பேசிவைத்த சைகையைச் செய்தால் அதிகாரிகள் உள்ளே வந்து, அவருடைய இரு கைகளையும் தனித்தனிக் குவளைகளில் கழுவச் சொல்வார்கள். நிறம் மாறிய நீர் புட்டிகளில் அடைக்கப்பட்டு, அரக்கு முத்திரையோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும்.

இந்தக் காலத்தில் பணத்தைத் தன் கையால் வாங்காமல் இடைத்தரகரிடம் கொடுக்கச் சொல்கிறார்கள், கைப்பேசி வழியாக வேறொருவர் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அதற்காகத் தயங்க வேண்டாம். மற்றொருவர் மூலமாகப் பெறுவதும் குற்றமே, வங்கிக் கணக்கு வழியாகப் போன பணம் குவளைத் தண்ணீரைவிட நல்ல சாட்சி. வழக்கு நடக்கும்போது புகார்தாரர் இறந்துவிட்டாலோ முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியாகிவிட்டாலோகூட, சூழ்நிலைச் சான்றுகளைக்கொண்டு தண்டிக்கலாம் என்று 2022 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு சொல்லியிருக்கிறது.

வழக்கு முடியப் பல வருடங்கள் ஆகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் மொத்தம் நான்கைத் தாண்டக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடைமுறை தங்களுக்கும் எனக்கும் தெரியும். சாட்சி சொல்லச் சில முறை நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். அதற்குத் துணிவு வந்தால் போங்கள்.

கேள்வி: 2,000 ரூபாய் நோட்டில் சிப் இருப்பதாகச் சொன்ன காலத்தில் நானும் நம்பினேன், நான்கு பேருக்கு அனுப்பினேன். அதனால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிட்டது?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: ஒப்புக்கொண்டதற்கு நன்றி, அந்த நாளில் சில தொலைக்காட்சிகளே வரைபடம் போட்டு அதை விளக்கின. பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று 2016 நவம்பர் 8 இரவு அறிவிப்பு வந்த சூட்டோடு, புதிய நோட்டில் ஒரு நுண்சில்லு இருக்கிறது, நிலத்துக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும் என்று செய்தி பரவியது. அப்படியொரு அம்சம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட பாதுகாப்புக் கூறுகளின் பட்டியலில் என்றுமே இருந்ததில்லை.

கெடுதல் என்ன என்று கேட்கிறீர்கள். அறிவிப்பு வந்து ஒரு மாதம் ஆன வேளையில், சாமானியர் ஒரு நோட்டுக்காக வங்கி வாசலில் வரிசையில் நின்ற அதே நாள்களில், தமிழ்நாட்டில் ஒரு மணல் ஒப்பந்ததாரரிடம் நடந்த வருமான வரிச் சோதனையில் 33 கோடி ரூபாய்க்கு மேல் புத்தம் புதிய 2,000 ரூபாய் நோட்டுகளாகக் கிடைத்தன என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். அவை எந்த வங்கியிலிருந்து, எந்த அதிகாரி துணையோடு வந்தன என்று கண்டுபிடிப்பதுதான் மத்தியப் புலனாய்வுத் துறையின் வேலை. அந்நோட்டுகள் எந்த வங்கிக்கு அனுப்பப்பட்டவை என்ற விவரத்தை ரிசர்வ் வங்கியிடமிருந்து பெற முடியவில்லை; ஆதாரம் போதவில்லை என்று 2020 செப்டம்பரில் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. செயற்கைக்கோளுக்குத் தெரியும் என்று நாம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நோட்டு, எந்த வங்கிக்குப் போனது என்பதே ஏட்டில் இல்லை. சிப் இருக்கிறது என்று நம்பியவருக்கு ஏட்டைப் பற்றிக் கேட்கத் தோன்றாது அல்லவா? தடை செய்யப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிக்கே திரும்பிவிட்டது என்று 2018-இல் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை சொன்னபோதும் அந்தச் செய்திக்குப் பழைய வேகத்தில் கால் முளைக்கவில்லை.

கேள்வி: நான் அரசு ஊழியர். லஞ்சம் வாங்காத எனக்கு எதிராக, நான் கோடிக்கணக்கில் சேர்த்துவிட்டதாகப் புகைப்படத்தோடு ஊர்க் குழுக்களில் செய்தி பரப்பினார்கள். வாங்குபவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஊழலைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதுவீர்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எழுதத்தான் வேண்டும் அம்மா. தங்களுக்கு நேர்ந்தது புதிதன்று. முன்பு அதற்கு மொட்டைக் கடிதம் என்று பெயர்.

என் பெரியப்பா ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தார். கோப்பில் குறை இருந்தால் எவர் சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டார். ஒருநாள் நீல உறையில் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் வந்தது. கீழே "உண்மை விளம்பி" என்று மட்டும் இருந்தது. விசாரணை எட்டு மாதம் நடந்தது. முடிவில் ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். ஆனால் அந்த எட்டு மாதமும் அவரைப் பதிவறைக்கு மாற்றியிருந்தார்கள், அவர் நிறுத்திவைத்திருந்த மூன்று கோப்புகளும் அதற்குள் நகர்ந்துவிட்டன. கடிதத்தை எழுதியவர் யார் என்று கடைசி வரை தெரியவில்லை. எதற்காக எழுதினார் என்பது அலுவலகக் காவலாளிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

மத்தியக் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல் 1999 ஜூனில், பெயரில்லாப் புகார்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஆணை பிறப்பித்தார். அவரைக் கறைபடிந்தவர்களின் காவலர் என்று எவரும் சொல்ல முடியாது. ஆணையம் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்த மூத்த அதிகாரிகளின் பெயர்களை 2000 ஜனவரியில் இணையத்தில் வெளியிட்டவரும் அவரே. மொட்டைக் கடிதம் வேறு, ரகசியப் புகார் வேறு. ரகசியப் புகாரில் எழுதியவர் யார் என்று பெறுபவருக்குத் தெரியும், வெளியே சொல்லப்படாது.

அந்த வேறுபாட்டைக் காக்காததற்கு நாம் கொடுத்த விலை சத்யேந்திர துபே. பீகார், ஜார்க்கண்ட் பகுதியில் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி, தன் பெயரை ரகசியமாக வைத்திருக்கும்படி கேட்டுப் பிரதமர் அலுவலகத்துக்கு 2002-இல் எழுதிய பொறியாளர் அவர். கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயையில் சுட்டுக் கொல்லப்பட்டார். (வழிப்பறியில் நடந்த கொலை என்பதே மத்தியப் புலனாய்வுத் துறையின் முடிவு, 2010-இல் மூவருக்குத் தண்டனையும் கிடைத்தது. சாலை ஒப்பந்ததாரர்கள் கொன்றார்கள் என்று பரவும் செய்திகளுக்குத் தீர்ப்பில் ஆதாரம் இல்லை என்பதையும், வதந்தியைப் பற்றிய பகுதியில் நான் சொல்லியாக வேண்டும்.) அதன்பின் எழுந்த கொந்தளிப்பால், 2004-இல் மத்திய அரசு ஒரு தீர்மானத்தின் மூலம், அடையாளத்தைக் காத்துப் புகார் பெறும் பொறுப்பைக் கண்காணிப்பு ஆணையத்துக்குக் கொடுத்தது. தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நிறைவேறியும், அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையைத்தான் வெளியிடாமல் வைத்திருக்கிறார்கள்.

தங்கள் சொந்த விஷயத்தில், அந்தச் செய்தியைத் திரைப்பதிவாக எடுத்து, தேதி, குழுவின் பெயர், அனுப்பிய எண் ஆகியவற்றோடு சைபர் குற்றப் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். துறைத் தலைவருக்கும் ஒரு நகல் போகட்டும்.

கேள்வி: பாகிஸ்தான் நிறுவனம் தேர்தல் பத்திரம் வாங்கியது உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று, கட்சிகளுக்கு வங்கி வழியாக நன்கொடை தரும் தேர்தல் பத்திரத் திட்டத்தைச் செல்லாது என்று அறிவித்த பிறகு, மார்ச் 14 அன்று வாங்கியவர்களின் பட்டியல் வெளியானது. அதில் ஹப் பவர் கம்பெனி என்ற பெயரைப் பார்த்ததும், அதே பெயரில் பாகிஸ்தானில் இருக்கும் மின் நிறுவனத்தோடு முடிச்சுப் போட்டார்கள். தனக்குத் தொடர்பில்லை என்று அந்நிறுவனமே மறுத்தது. முதலில் வந்த பட்டியலில் வாங்கியவர் தனி, பெற்ற கட்சி தனி; இரண்டையும் இணைக்கும் எண்கள் மார்ச் 21 வரை வரவில்லை. பத்திரங்களை விற்ற பாரத ஸ்டேட் வங்கி தகவலைத் தவணை முறையில் தந்த அந்த ஒரு வாரத்தில்தான் வதந்தி கொழுத்தது.

கேள்வி: எது உண்மை, எது பொய் என்று சொல்ல அரசே ஒரு சரிபார்ப்பகம் நடத்துவது நல்லதுதானே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அரசு தன் தரப்பு மறுப்பை வெளியிடுவது நல்லது, அதைக் கடைசித் தீர்ப்பாக்குவது ஆபத்து. 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, மத்திய அரசின் பணிகளைப் பற்றிய செய்திகளைப் பொய் என்று முத்திரை குத்தும் அதிகாரத்தை ஒரு சரிபார்ப்பு அலகுக்குத் தர முயன்றார்கள். 2024 மார்ச் 20 அன்று அலகு அறிவிக்கப்பட்டது, மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அவ்விதியை ரத்து செய்தது. வழக்கின் நோக்கம் எளிது: ஓர் அதிகாரி மீது ஊழல் புகார் எழுந்தால், அவர் சார்ந்த அரசே வாதியாகவும் நீதிபதியாகவும் உட்காரக் கூடாது. தமிழ்நாடு அரசும் 2023-இல் ஒரு தகவல் சரிபார்ப்பகத்தை ஏற்படுத்தியிருக்கிறது. அதன் மறுப்புகளை நானும் பார்க்கிறேன். கூடவே அரசாணை எண்ணோ ஆவணமோ தரப்பட்டிருக்கிறதா என்று தேடுகிறேன். "இது வதந்தி" என்ற சிவப்பு முத்திரை மட்டும் இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

கேள்வி: எங்கள் ஊரில் போட்ட தார்ச்சாலை நான்கு மாதத்தில் பெயர்ந்துவிட்டது. "40 சதவீத கமிஷன்" என்று முகநூலில் எழுதினேன். என் மேல் அவதூறு வழக்குப் போடுவேன் என்கிறார் ஒப்பந்ததாரர். என்ன செய்யலாம்?
– இளைஞர், கடலூர் மாவட்டம்

பதில்: அந்த 40-ஐ யாரிடமிருந்து பெற்றீர்கள்? தாங்களே எண்ணிப் பார்க்காத எண் என்றால் அதை எடுத்துவிடுங்கள். எடுக்க வேண்டியது வெள்ளைத்தாள்.

2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சாலையைப் போட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். காரணமும் கருத்தும் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்லர் என்று மனு திரும்பிவரும். மதிப்பீட்டின் நகல், ஒப்பந்த உடன்படிக்கையின் நகல், அளவுப் புத்தகத்தில் அச்சாலைக்கான பக்கங்களின் நகல், பட்டியல் தொகை வழங்கிய தேதிகள், குறைபாட்டைச் சரிசெய்ய ஒப்பந்ததாரர் பொறுப்பேற்றிருக்கும் காலம் என்று கேளுங்கள். பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகம்தான் இதில் உயிர்நாடி. எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று அளந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் பட்டுவாடாவாகும். அளவுகோலைச் சாலையின் பெயர்ந்த விளிம்பில் வைத்தால் கனம் தெரிந்துவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு, பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. எனவே மனுவில் அதையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

நகல்கள் கைக்கு வந்ததும், அளவுப் புத்தகத்தில் உள்ள கனத்தையும் தாங்கள் அளந்த கனத்தையும் மட்டும், கமிஷனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், கையெழுத்திட்டு மாவட்ட ஆட்சியருக்கும் ஊழல் தடுப்பு இயக்ககத்துக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தகவல் மனுவை அனுப்பும் அன்று தபால் நிலையத்தில் தரும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.